வழியில் நிற்காத வண்டி

எனக்குக் கல்யாணம் ஆனது சுனாமி வந்து போனதற்கு அடுத்த வருஷம். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. தங்கைகளுக்கு முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போனது. அப்புறம் எனக்கே அந்தப் பேச்சை எடுக்கக் கூச்சமாகிவிட்டது. அவளுக்கு முப்பத்தேழு. அவள் அப்பா பல வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்ததில் அவள் கல்யாணமும் தள்ளிப் போயிருந்தது. பெண் பார்க்கச் சிதம்பரம் போன அன்று நாங்கள் இரண்டு பேருமே தலையைத் தூக்கவில்லை. திரும்பி வரும்போது என் பெரிய தங்கை, "ரெண்டு பேரும் தரையத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. தரை புடிச்சிருக்கா?" என்று கேட்டாள். பிடித்திருக்கிறது என்று சொன்னேன்.

பத்தாவது முடித்துவிட்டு டிரைவர் வேலைக்கு வந்தவன் நான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் வீட்டில் அம்பாசிடர் ஓட்டினேன். அவர் தன் மகனோடு இருப்பதற்காக வெளியூர் கிளம்பியபோது, "இத வேற ஒருத்தன் கையில குடுத்தா எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லி வண்டியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளை நிறம். எண்பதுகளின் தொடக்கத்தில் வாங்கியது. அதை ஸ்டாண்டில் போட்டு வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். கூச்சக்காரனுக்கு டிரைவர் வேலையைப் போல வசதியான வேலை கிடையாது. பின்னால் இருப்பவர்கள் பேசுவார்கள். நாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு 'ஆமாங்க' சொன்னால் போதும்.

வீட்டில் அப்படி முடியவில்லை. கல்யாணமான புதிதில் எங்கள் பேச்செல்லாம் சாப்பாடு வைக்கட்டுமா, தண்ணீர் வந்துவிட்டதா, கதவைப் பூட்டிவிட்டீர்களா என்பதோடு சரி. அவள் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பாள். தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டில் ஏதோ பேச்சு நடப்பது மாதிரி இருக்கும். அது நின்றால் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. நான் வண்டியைத் துடைக்கப் போய்விடுவேன். சண்டை இல்லை, மனக்கசப்பு இல்லை. ஆரம்பிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் என் மாமியார் தனியாக இருந்தார். முழங்கால் வலி. மகன் சென்னையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தான். அந்தப் படி ஏற முடியாது என்று மாமியார் அங்கே போகவில்லை. அதனால் சனிக்கிழமை தோறும் என் மனைவி அம்மாவைப் பார்க்கப் போவாள், ஞாயிறு சாயங்காலம் திரும்புவாள். நான்தான் காரில் கொண்டுபோய் விட்டு, மறுநாள் போய் அழைத்து வருவேன். ஸ்டாண்டில் இதை வைத்து என்னை ஓட்டி எடுத்தார்கள். "பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸு போவுது. பெட்ரோல ஊத்தி மாமியார் வூட்டுக்குக் கார் வுடுறாரு பாரு, ஜமீன்தாரு" என்பார்கள். பஸ்ஸில் ஏற்றிவிட்டால் நான் கை காட்டத்தான் முடியும். காரில் போனால் கூடவே போகலாம் இல்லையா. இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது.

முதல் தடவை வண்டி நின்றது ஆலப்பாக்கத்தைத் தாண்டி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருமி, குலுங்கி, ரோட்டோரமாக அதுவே போய் நின்றுவிட்டது. பாயிண்ட்தான் என்று எனக்குத் தெரியும். பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். அதற்குள்ளே சின்னதாக இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். இன்ஜின் ஓடும்போது அவை ஒட்டி ஒட்டிப் பிரியும். பிரிகிற அந்த நேரத்தில்தான் பிளக்குக்குக் கரண்ட் போகும். ஓட ஓட புள்ளிகள் தீய்ந்துபோய் இடைவெளி மாறிவிடும், வண்டி நின்றுவிடும். தேய்த்துச் சுத்தம் செய்து, இடைவெளியைச் சரியாக வைத்தால் மறுபடி ஓடும். பெரிய வேலை இல்லை. ஆனால் ஒரு கையால் இன்ஜின் ஃபேனைத் தள்ளிப் பாயிண்ட்டைத் திறந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும், ஒரு கையில் திருப்புளி, வெளிச்சத்துக்கு டார்ச். நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டிருந்தேன்.

அவள் இறங்கி வந்தாள். என் வாயிலிருந்து டார்ச்சை எடுத்து, முந்தானையில் துடைத்துவிட்டு, "எங்க காட்டணும்?" என்றாள்.

"இங்க. கொஞ்சம் கீழ."

இடைவெளியை அளக்கத் தகடு விற்கிறது. எங்கள் ஸ்டாண்டில் யாரும் வாங்கியதில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு கீற்று வெட்டி வைத்திருப்போம். பிடிக்காமலும் தொங்காமலும் அது உள்ளே போய் வந்தால் அளவு சரி. நான் சட்டைப்பையிலிருந்து கீற்றை எடுத்தேன். ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது.

"இது நம்ம பத்திரிகைங்களா?"

"மிச்சம் நெறைய இருந்துச்சு" என்றேன். வேறு என்ன சொல்வது.

கீற்றை உள்ளே விட்டுப் பார்த்தேன். பிறகு டார்ச் வெளிச்சம் ஆட ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எழுத்து இருக்குற பக்கமா வெட்டாதீங்க. எங்கப்பா பேரு போயிடும்."

அன்றைக்கு அந்த வேலை கால் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். இருட்டும்வரை ஆனது. அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். கடைசிக் காலத்தில் அவருக்குத் தோசைதான் இறங்குமாம், அதையும் விசிறி மாதிரி மடித்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவாராம். நான் என் தங்கைகளைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டுதான் பேசினோம். வண்டியைக் கிளப்பி ஏறி உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் சில வாரம் வண்டி நிற்கும், சில வாரம் நிற்காது. நின்றால் அவள் டார்ச்சோடு இறங்கி வந்துவிடுவாள். பட்டப்பகலாக இருந்தாலும் டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வருவாள். எந்த வயர் எங்கே போகிறது என்று கேட்பாள். நாலு பிளக்குக்கும் வரிசைப்படி கரண்ட் போகாது, ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று போகும் என்றேன். "மூணாவதுக்கு எதுக்கு அவ்ளோ அவசரம்?" என்றாள். எனக்கு அது இன்றுவரை தெரியாது.

இன்னொரு தடவை, பெரியப்பட்டுப் பக்கம் என்று நினைக்கிறேன், குனிந்தபடியே, "ஒண்ணு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். நான் பாயிண்ட்டைத் தேய்ப்பதை நிறுத்தினேன். சனிக்கிழமை தோறும் கிளம்பும்போது அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுப்பது என் வழக்கம். கண்ணாடி ஏற்றிய காரில் மல்லிகை வாசனை அவளுக்குத் தலையைச் சுற்றுமாம், சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் வாந்தி வருவது மாதிரி ஆகிவிடுமாம். அவ்வளவு நாளும் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்திருக்கிறாள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"ஆசையா வாங்கியாறீங்க. எப்புடிச் சொல்றது?"

அடுத்த வாரத்திலிருந்து கனகாம்பரம் வாங்கினேன். அதற்கு வாசனை கிடையாது.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அந்தத் தீபாவளிக்கு என் மைத்துனன் சென்னையிலிருந்து வந்தான். பட்டாசு, ஸ்வீட்டோடு ஒரு சின்ன அட்டைப்பெட்டியை என் கையில் வைத்தான்.

"மாமா, இது ஒங்க வண்டிக்கு. எலக்ட்ரானிக் இக்னீஷன். பாயிண்ட்டு, கண்டென்சரு ரெண்டையும் தூக்கிக் கெடாசிட்டு இத உள்ள வச்சா போதும். தேய்மானமே கெடையாது. இனிமே வண்டி வழியில நிக்காது."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். கருப்பாக ஒரு துண்டு, அதிலிருந்து சிவப்பும் கருப்புமாக இரண்டு வயர், ஒரு காந்த வளையம். தேய்க்கவோ அளக்கவோ அதில் ஒன்றும் இல்லை.

"எதுக்கு மச்சான் செலவு?" என்றேன்.

"வண்டி வாரா வாரம் நிக்குதாமே. கேள்விப்பட்டேன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. வண்டியில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது, நம்மிடம் சொல்ல முடியாமல் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நியாயம்தானே. எந்தப் பொம்பளைக்கு ரோட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கப் பிடிக்கும்.

பெட்டியை அலமாரி மேல் வைத்தேன். அங்கேயே இருந்தது. மைத்துனன் போன் பண்ணும்போதெல்லாம், "மாட்டிட்டீங்களா மாமா?" என்பான். "மாட்டணும் மச்சான்" என்பேன். ஸ்டாண்டில் தெரிந்துபோய், "ஓசில வந்தத மாட்டறதுக்கு நல்ல நாள் பாக்கறியா? ஐயரக் கூப்புடவா?" என்று கேட்டார்கள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது புதுச்சத்திரத்தில் வண்டி நின்றுவிட்டது. இறங்காதே என்று சொல்லியும் அவள் இறங்கி வந்து, முந்தானையை டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேல் கூரை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். மழைச் சத்தத்தில் அன்று ஒன்றும் பேச முடியவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டது. மூன்று நாள் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, அலமாரி மேலிருந்த பெட்டியைப் பார்த்தேன்.

பொங்கலுக்கு மைத்துனன் வந்ததும் வாசலிலேயே வைத்து மாட்டினோம். அவன்தான் மும்முரமாக இருந்தான். நான் பாயிண்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் வழக்கம்போல டார்ச்சோடு வந்து நின்றாள்.

"அக்கா, வெயிலு பல்லக் காட்டுது. டார்ச்சு எதுக்கு?"

"பழக்கம்டா" என்றவள், "அந்த ரோட்டர எடுத்துட்டு வளையத்தப் போடு. அது மேலதான் ரோட்டரு ஒக்காரணும்" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். "என்னா மாமா, மெக்கானிக்கு வேலையா கத்துக் குடுத்தீங்க? நானு சமையல் பண்ணிக்கிட்டு இருக்கும்னுல்ல நெனச்சேன்."

சாவியைத் திருப்பினேன். முழுசாகத் திருப்பக்கூட இல்லை, இன்ஜின் பிடித்துக்கொண்டது. என்னிடம் வந்த நாளிலிருந்து அந்த வண்டி அப்படி ஓடி நான் கேட்டதில்லை. இருமல் இல்லை, உதறல் இல்லை. பானெட் மேல் டம்ளரில் தண்ணீர் வைத்தால் சிந்தாது போலிருந்தது. மைத்துனன் கைதட்டினான். டிரைவராக எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் டார்ச்சை அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரத்தில் சிதம்பரம் வந்துவிடும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் எல்லாம் நிற்காமல் கழிந்துபோகும். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். நான் இரண்டு தடவை தொண்டையைக் கனைப்பேன். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்கிறவர்கள் வந்திருந்தார்கள். ஒரு நாள் வாத்து மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. கடந்துகொண்டே இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். நல்ல சந்தர்ப்பம்.

"வாத்து" என்றேன்.

"ஆமாங்க" என்றாள்.

கடைசி வாத்தும் போய்விட்டது.

அந்தத் தை, மாசியில்தான் அவள் சிதம்பரத்தில் தங்குவது நீண்டுகொண்டே போனது. ஞாயிறு வரவேண்டியவள் திங்கட்கிழமை வந்தாள். பிறகு புதன். பை பெரிதானது. ஒரு வாரம் போன் செய்து, "இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டு வரட்டுங்களா?" என்றாள். "இரு" என்றேன். அதைத் தவிர எனக்கு என்ன சொல்லத் தெரியும். வீட்டில் தையல் மிஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. ஸ்டாண்டில் ஒருத்தன், "என்னா, பொண்ணத் திருப்பிக் குடுத்துட்டியா?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். அன்று சவாரி வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் அவள் அங்கேயே இருந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. அவளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. என்னைப் போல ஒருத்தனோடு அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான்.

மாசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, நானாகவே போய் அழைத்துக்கொண்டு வந்தேன். முட்லூர் வந்ததும், "ஒரு காப்பி குடிக்கலாங்களா?" என்றாள். அவள் வழியில் எதுவும் கேட்கிறவள் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. நான் போய் இரண்டு காப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். குடித்தோம். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், வண்டி சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். சுற்றியது. பிடிக்கவில்லை.

"என்னாங்க?" என்றாள்.

"தெரியல."

இறங்கி முன்னால் போனேன். பானெட் சரியாக மூடாமல் ஒரு விரல் அளவு தூக்கி நின்றது. திறந்ததுமே தெரிந்துவிட்டது. இக்னீஷன் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கரண்ட் கொண்டுபோகிற நடு வயர் கழன்று, பக்கத்தில் ஒழுங்காக ஓரமாய்ப் படுக்கவைக்கப்பட்டிருந்தது. மைத்துனனோடு அதை அழுத்திச் செருகியவன் நான். ரப்பர் மூடி இறுக்கிப் பிடித்திருக்கும். தானாகக் கழலாது. அப்படியே கழன்றாலும் ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளாது.

அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். சாயங்காலம் நாலு மணி வெயில். கையில் டார்ச். அதைப் பிடித்திருந்த கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் கரி. அவள் என்னைப் பார்க்கவில்லை. காயிலையும் பார்க்கவில்லை. ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய கோளாறுங்களா?"

அந்த வயரை எடுத்துச் செருக இரண்டு நொடி ஆகும். நான் அதைத் தொடவில்லை. முதல் பிளக்கின் வயரைக் கழற்றி, துணியால் துடைக்க ஆரம்பித்தேன்.

"பாக்கணும்" என்றேன்.

"நேரம் ஆவுமா?"

"ஆவும்."

அவள் டார்ச்சின் பொத்தானை அழுத்தினாள். வெயிலில் அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. நான் முதல் பிளக்கைத் துடைத்து முடித்து மூன்றாவதுக்குப் போனபோது ஆரம்பித்தாள்.

"தை அமாவாசைக்கு அம்மா பாத்ரூம்ல வுழுந்துடுச்சுங்க. பெருசா அடி ஒண்ணும் இல்ல. ஆனா எழுந்திரிக்க முடியாம அங்கயே ஒக்காந்திருந்திருக்கு. பக்கத்து வூட்டம்மா போயிப் பாத்துத் தூக்கிச்சு. ஒங்ககிட்ட சொல்லலாம்னு எத்தினியோ நாளு நெனச்சேன்."

"ம்."

"தம்பி வூடு மாடி. அது ஏற முடியாது. நம்ம வூட்டுக்கு வான்னு நானு கூப்புட்டேன். பொண்ணு வூட்ல போயி ஒக்காந்து சாப்புடறதா, ஊரு என்னா பேசும், மருமவப்புள்ள மூஞ்சில எப்புடி முழிக்கிறதுன்னு சொல்லுது. ஒங்களுக்கும் எப்புடி இருக்குமோன்னு எனக்குப் பயம். ரெண்டு வருஷத்துல தாயாரையும் இழுத்துக்கிட்டு வரேன்னு நெனச்சிட்டீங்கன்னா? அதான் நானே போயிப் போயி இருந்துட்டு வந்தேன்."

மூன்றாவது பிளக் எப்போதோ சுத்தமாகிவிட்டது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். என் வாயிலிருந்து வந்ததை நானே எதிர்பார்க்கவில்லை.

"நீ அங்கயே இருந்துடுவியோன்னு நானு பயந்துக்கிட்டு இருந்தேன்."

டார்ச் அசையவில்லை.

"எதுக்கு?" என்றாள்.

"வழியில நிக்குதுன்னு தம்பிகிட்ட சொன்னியே. அலுத்துப் போச்சுன்னு நெனச்சேன்."

"நானு எங்க சொன்னேன்? அம்மாதான் அவன்கிட்ட சொல்லுச்சு, பொண்ணு ரோட்ல நிக்குதுன்னு." அவள் குரல் இறங்கியது. "அவன் அந்தப் பெட்டியக் குடுத்தப்ப நீங்க ஒடனே வாங்கி உள்ள வச்சுட்டீங்க. ஒங்களுக்குத்தான் அலுத்துப் போச்சுன்னு நெனச்சேன்."

ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அதன் காற்றில் பானெட் ஆடியது. இரண்டு பேரும் அதைப் பிடித்தோம்.

"இப்பவே திரும்பிப் போயி அவுங்களக் கேப்பமா?" என்றேன்.

"நீங்களா? நீங்க கேப்பீங்களா?"

"கேக்கறேன்."

"வண்டி?"

நான் நடு வயரை எடுத்து அதன் இடத்தில் அழுத்தினேன். 'டப்' என்று உட்கார்ந்தது.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான். ஆட்டத்துல கழண்டிருக்கும்."

"ரோடு சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையின் உள்பக்கத்தில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்த எங்களைப் பார்த்து மாமியார் பயந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் எதிரே வந்து நின்று பேசுவதில்லை. நான் கூடத்தில் இருந்தால் அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்பார். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், அவள் என்னிடம் சொல்வாள். இத்தனைக்கும் அது இரண்டு அடி தூரம். அன்றும் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஏன் திரும்பி வந்துட்டாங்கன்னு கேளு" என்றார்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துவிட்டது. நான் அந்தக் கதவைப் பார்த்துச் சொன்னேன். "நீங்க கடலூருக்கு வந்துடுங்க."

உள்ளே ஏதோ பாத்திரம் நகர்ந்தது. கொஞ்சம் கழித்து, "அதெல்லாம் சரிப்படாதுன்னு சொல்லு. அவுங்களுக்கு எதுக்குச் செரமம்? இந்த ஊர வுட்டுட்டு நானு அங்க வந்து, ஒரு நல்லது கெட்டதுக்குத் திரும்பி வர முடியுமா?" என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். இதற்குச் சரியாக ஒரு பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"வண்டிக்கு எலக்ட்ரானிக் மாட்டியாச்சு" என்றேன். "இப்பல்லாம் வழியில நிக்காது. நீங்க சொன்ன ஒடனே சிதம்பரம் கூட்டியாறேன். வாரா வாரம்னாலும் சரி, நெனச்ச நேரம்னாலும் சரி. ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஆவாது."

என் மனைவி சட்டென்று குனிந்து தரையைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் அன்று சரி என்று சொல்லவில்லை. என் அரிசியை நானே கொண்டு வருவேன், ரேஷன் கார்டை மாற்றக் கூடாது, ஆருத்ராவுக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் இங்கே வந்து பத்து நாள் தங்குவேன் என்று நிபந்தனைகள் ஒவ்வொன்றாக அடுத்தடுத்த வாரங்களில் வந்தன. எல்லாவற்றுக்கும் கதவைப் பார்த்துத் தலையாட்டினேன்.

பங்குனியில் ஒரு நாள் அவரை அழைத்து வந்தோம். டிக்கியில் அரிசி மூட்டை, ஒரு ஸ்டவ், பாத்திரங்கள். பின்சீட்டில் படுக்கையை ஒரு பக்கம் அடுக்கி, மறுபக்கம் அவர் காலை நீட்டி உட்கார்ந்தார். என் மனைவி முன்னால் என் பக்கத்தில். வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் சத்தமில்லை. பாலத்தில் ஏறியதும் பின்னாலிருந்து, "கொஞ்சம் மெதுவாப் போங்க, தண்ணியப் பாத்துக்கறேன்" என்று குரல் வந்தது. மகளிடம் சொல்லி என்னிடம் சொல்லச் சொல்லவில்லை. என்னிடமே சொன்னார். அவருக்கு என் முதுகும் தலையும்தான் தெரிந்திருக்கும்.

மெதுவாகப் போனேன். அவர் பேச ஆரம்பித்தார். கல்யாணமாகி வந்த வருஷம் இந்த ஆற்றில் வெள்ளம் வந்ததையும், தன் மாமனார் பசுமாட்டை மாடிக்கு ஏற்றியதையும், அது இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததையும் சொன்னார். மாட்டை எப்படி இறக்கினார்கள் என்பதற்குள் அதை விற்றவர் கதை வந்துவிட்டது. பிறகு மாட்டை விற்றவருடைய மகளின் கதை வந்தது. நான் 'ஆமாங்க' சொல்லவில்லை. "அப்புறம்?" என்று கேட்டேன். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

முதுநகர் வந்தது. மாடு இன்னும் மாடியிலேயே இருந்தது. எங்கள் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை. தேவனாம்பட்டினம் ரோட்டில் கடற்கரையைப் பார்க்க வண்டியை விட்டேன்.

"எங்கங்க போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் என் மனைவி.

"மாட்ட எறக்கட்டும்" என்றேன்.